இன்டர்லாகோஸ் மழையில் யார் சிறப்பாக ஓட்டினார்?

பதினேழு என்ற எண்ணைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. 2024 நவம்பர் 3ஆம் திகதி பிரேசிலின் இன்டர்லாகோஸ் தடத்தில் நடந்த போர்முலா 1 பந்தயத்தைப் பற்றி எவரிடம் பேச்செடுத்தாலும், "பதினேழாம் இடத்தில் புறப்பட்டு முதலாவதாக வந்தாரே, அதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று ஒரே வசனத்தில் கதையை முடித்துவிடுகிறார்கள். மேக்ஸ் வெர்ஸ்டப்பன் அன்று அற்புதமாக ஓட்டினார் என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அன்றைய சிறந்த ஓட்டம் அவருடையதுதான் என்றே நானும் சொல்வேன். ஆனால் அதற்குப் பதினேழைக் காரணமாகக் காட்டும்போது, அவர் உண்மையில் செய்து காட்டியது என்னவென்பது மறைந்துவிடுகிறது. அவரோடு அதே மழையில் அதே தடத்தில் ஓடிய வேறு இரண்டு பேர், அல்பைன் அணியின் ஒக்கோனும் காஸ்லியும், செய்தது அதைவிட முழுதாக மறைந்துவிடுகிறது. எனக்கு ஆறாமல் இருப்பது அந்த இரண்டாவது விடயம்.

தீபாவளி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அது. யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று தீர்மானிக்கும் தகுதிச் சுற்று சனிக்கிழமை நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போய், ஞாயிறு காலையில் வைக்கப்பட்டது. நம் நேரத்துக்கு மாலை நான்கு மணிக்குத் தகுதிச் சுற்று, இரவு ஒன்பது மணிக்குப் பந்தயம். வழக்கமாகப் பிரேசில் பந்தயம் என்றால் இங்கே நள்ளிரவைத் தாண்டும், அடுத்த நாள் வேலை என்று பலர் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். இம்முறை ஒன்பது மணி என்றதால் வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் எல்லோரும் கூடிவிட்டோம். அத்தான் லாண்டோ நொரிஸின் ஆள். சித்தப்பாவுக்கு இன்னார் என்று கிடையாது, கார் ஓடும் சத்தம் இருந்தால் போதும். சித்தப்பாவின் மகள் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிக்கிறாள். அவள் யாருக்கும் ஆதரவில்லை, தாளும் பேனையும் வைத்துக்கொண்டு இருப்பாள். பந்தயம் முடிந்த பிறகு தொடங்கிய வாக்குவாதம் அன்றிரவு முடியவில்லை. அதற்குப் பிறகு கூடிய ஒவ்வொரு முறையும் அது ஏதோ ஒரு மூலையிலிருந்து திரும்பக் கிளம்பிவிடுகிறது.

அத்தானின் வாதம் சுருக்கமானது. நொரிஸும் ஜோர்ஜ் ரஸ்ஸலும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். மழை வலுத்த நேரத்தில் புதிய டயருக்காகத் தடத்தை விட்டு அணியின் தரிப்பிடத்துக்குள் வந்தார்கள். அது அந்த நேரத்தில் சரியான முடிவு. அடுத்த சில நிமிடங்களில் பந்தயத்தை இடைநிறுத்தும் சிவப்புக் கொடி காட்டப்பட்டது. வெளியே தங்கியிருந்த எஸ்டபான் ஒக்கோன், வெர்ஸ்டப்பன், பியர் காஸ்லி மூவருக்கும் நேரத்தை இழக்காமல் டயர் மாற்றும் வாய்ப்புக் கிடைத்தது. ஆகவே அது அதிர்ஷ்டம், ஓட்டம் அல்ல. நொரிஸும் பந்தயத்துக்குப் பிறகு அதிர்ஷ்டத்தைப் பற்றித்தான் பேசினார். அத்தான் அதைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை விடவில்லை.

சித்தப்பாவின் வாதம் வேறு திசையிலிருந்து வந்தது. அவர் இளமையில் சித்திரை மாதம் தவறாமல் நுவரெலியாவுக்குப் போய் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் பார்த்தவர். அங்கே ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஏறும். வகுப்பு வகுப்பாகப் பிரித்து, கடிகாரத்தை வைத்து அளப்பார்கள். முன்னால் போகிறவன் தெளிக்கும் தண்ணீர் இல்லை, ஆபத்து நேரத்தில் முன்னால் மெதுவாக ஓடி எல்லோரையும் கட்டுப்படுத்தும் பாதுகாப்புக் கார் இல்லை, பக்கத்தில் இடிப்பவன் இல்லை. "தம்பி, அங்கே யார் நன்றாக ஓட்டினான் என்று யாரும் சண்டை பிடித்ததில்லை. நேரத்தை வாசித்தால் முடிந்தது. நீங்கள் பார்ப்பது பத்து விடயம் கலந்த சாம்பார். அதில் உப்பை மட்டும் பிரித்தெடுக்கப் பார்க்கிறீர்கள்" என்றார். அந்தச் சாம்பார் பேச்சை நான் ஏற்கவில்லை. பிரித்தெடுக்க முடியும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

பதினேழில் எத்தனை பதினேழு?

முதலில் அந்த எண்ணையே எடுத்துப் பார்ப்போம். வெர்ஸ்டப்பன் ஏன் பதினேழில் நின்றார்? இயந்திரம் மாற்றியதற்காக ஐந்து இடத் தண்டனை முன்பே இருந்தது. தகுதிச் சுற்றின் இரண்டாம் கட்டத்தில் லான்ஸ் ஸ்ட்ரோல் மோதியபோது சிவப்புக் கொடி விழுந்தது. வெர்ஸ்டப்பனால் தன் வேகச் சுற்றை முடிக்க முடியவில்லை, பன்னிரண்டாவதாக வெளியேறினார். அன்று தகுதிச் சுற்றில் மட்டும் ஐந்து முறை சிவப்புக் கொடி காட்டப்பட்டது என்பதை நினைவில் வைத்தால் எப்படிப்பட்ட நாள் என்று புரியும். பன்னிரண்டும் ஐந்தும் பதினேழு. இந்தப் பதினேழில் அவருடைய ஓட்டத்தின் குறை எதுவும் இல்லை. உலகின் வேகமான ஓட்டுநர் ஒருவர் தனக்குரிய இடத்துக்கு வெகு பின்னால் நிறுத்தப்பட்டிருந்தார். அங்கிருந்து முன்னேறுவது கடினம்தான். ஆனால் பதினேழாம் இடத்துக்குரிய வேகம் கொண்ட ஒருவர் முதலாவதாக வருவதும் இதுவும் ஒன்றல்ல.

அடுத்தது, அந்தப் பதினேழிலும் இரண்டைக் கழிக்க வேண்டும். ஏழாவதாகத் தகுதி பெற்ற அலெக்ஸ் அல்பன் தகுதிச் சுற்றில் மோதிய காரைத் திருத்த முடியாமல் பந்தயத்தில் கலந்துகொள்ளவே இல்லை. ஸ்ட்ரோல் பந்தயம் தொடங்குமுன் ஓடும் அணிவகுப்புச் சுற்றிலேயே தடத்தை விட்டுப் போய்ச் சரளைக் கல்லில் சிக்கிக்கொண்டார். இருவரும் வெர்ஸ்டப்பனுக்கு முன்னால் நிற்க வேண்டியவர்கள். தொடக்க விளக்குகள் அணைவதற்கு முன்பே இரண்டு இடங்கள் காலியாகிவிட்டன. இதைச் சொன்னால் வெர்ஸ்டப்பன் இரசிகர்கள் கோபிக்கிறார்கள். நான் அவருடைய வெற்றியைக் குறைக்கவில்லை. எண்ணால் பெருமை பேசினால் அந்த எண்ணைச் சரியாகவாவது சொல்ல வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது விடயம்தான் எனக்கு முக்கியம். எத்தனை இடம் முன்னேறினார் என்பது அளவுகோலாக இருந்தால் வெர்ஸ்டப்பனுக்குப் பதினாறு, காஸ்லிக்குப் பத்து. அவர் பதின்மூன்றில் புறப்பட்டு மூன்றாவதாக வந்தார். ஒக்கோனுக்கு இரண்டு. ஒக்கோன் நான்காம் இடத்தில் புறப்பட்டு இரண்டாவதாக வந்தார். ஆனால் ஒக்கோன் நான்காம் இடத்துக்கு எப்படி வந்தார்? மாலை நான்கு மணிக்கு, எல்லோரும் சுவரில் மோதிக்கொண்டிருந்த அந்தத் தகுதிச் சுற்றில், அல்பைன் காரை வைத்துக்கொண்டு நான்காவது நேரத்தை எடுத்ததால் வந்தார். அந்த வார இறுதி வரை அணிகள் பட்டியலில் ஒன்பதாம் இடத்தில் இருந்த அணியின் கார் அது. மாலையில் நன்றாக ஓட்டியதற்காக இரவில் அவருடைய கணக்கில் குறைப்பதுதான் இந்த அளவுகோல். பின்னால் நின்றவனுக்கு மட்டுமே இது பெருமை தரும். முன்னால் நிற்கும் அளவுக்கு ஏற்கனவே உழைத்தவனுக்கு இதில் எதுவும் கிடையாது.

சக ஓட்டுநர் என்ற அளவுகோல்

நிறையப் பார்த்தவர்கள் வேறு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: அதே காரை ஓட்டிய மற்றவர் என்ன செய்தார்? இதை நான் பெரிதும் மதிக்கிறேன். அதற்குக் காரணம் நம் மொழி பேசும் ஒருவர்தான்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டு ஜோர்டன் அணியில் சேர்ந்தபோது இங்கே எங்களுக்கிருந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. அந்த வருடம் யூன் மாதம் இண்டியானாபொலிஸில் அவர் நான்காவதாக வந்தார். இந்தியர் ஒருவர் போர்முலா 1இல் பெற்ற முதல் புள்ளிகள் அவை, ஐந்து புள்ளிகள். இன்றும் கார்த்திகேயனைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்வது அந்த நான்காம் இடத்தைத்தான். ஆனால் அன்று ஓடியவை ஆறே கார்கள். மிச்செலின் டயர் அந்தத் தடத்தின் சாய்வான வளைவைத் தாங்காது என்று தெரிந்ததால், அந்த டயர் போட்ட பதினான்கு கார்களும் அணிவகுப்புச் சுற்றின் முடிவில் உள்ளே போய்விட்டன. இரண்டு பெராரி, இரண்டு ஜோர்டன், இரண்டு மினார்டி மட்டும் மிஞ்சின. ஜோர்டன் ஓட்டுநர் இருவரில், பந்தயத்தில் மூன்றாவதாக வந்தவர் தியாகோ மொன்டெய்ரோ. அதே கார், அதே டயர், அதே நாள். அன்று ஜோர்டன் அணியில் நன்றாக ஓட்டியவர் மொன்டெய்ரோதான். நம் மொழிக்காரர் என்பதற்காக அதை மாற்றிச் சொல்ல முடியாது.

கார்த்திகேயனின் சிறந்த நாள் வேறொன்று. அதைப் பெரும்பாலானோர் பேசுவதில்லை. 2011இல் அவர் எச்.ஆர்.டி அணியில் இருந்தார். களத்தில் மிக மெதுவான கார்களில் ஒன்று. பருவத்தின் நடுவில், பிரித்தானியப் பந்தயத்திலிருந்து, அவருடைய இருக்கை டேனியல் ரிக்கியார்டோ என்ற இளைஞருக்குப் போனது. ஒக்டோபர் 30ஆம் திகதி இந்தியாவின் முதல் பந்தயம் கிரேட்டர் நொய்டாவில் நடந்தபோது கார்த்திகேயனுக்கு அந்த ஒரு பந்தயத்துக்கு அணியின் மற்ற இருக்கை கிடைத்தது. மாதக்கணக்கில் பந்தயம் ஓட்டாமல் வந்து உட்கார்ந்தவர், தன் இடத்தைப் பெற்ற ரிக்கியார்டோவுக்கு முன்னால் பந்தயத்தை முடித்தார். ரிக்கியார்டோ பின்னாளில் எட்டுப் பந்தயங்களை வென்றவர். அன்று ரிக்கியார்டோ பதினெட்டாவது. கார்த்திகேயன் பதினேழாவது.

ஆம், இங்கேயும் ஒரு பதினேழு இருக்கிறது. இந்தப் பதினேழை யாரும் சொல்வதில்லை. 2005இன் நான்காம் இடத்தைவிட 2011இன் பதினேழாம் இடம் பெரியது என்று நான் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். இலக்கம் மட்டும் பார்ப்பவர்களுக்கு அது ஒருபோதும் ஏறுவதில்லை.

இந்த அளவுகோலை இன்டர்லாகோஸுக்குக் கொண்டுவந்தால் வெர்ஸ்டப்பனுக்குப் பக்கபலமாகிறது. அதே ரெட் புல் காரில் சேர்ஜியோ பெரெஸ் அன்று பதினோராவது, ஒரு புள்ளிகூட இல்லை. அந்தக் கார் அதற்கு முந்தைய பத்துப் பந்தயங்களில் வென்றதில்லை. யூன் மாத ஸ்பெயின் பந்தயத்துக்குப் பிறகு வெர்ஸ்டப்பனும் மேடையின் உச்சியில் நிற்கவில்லை. கார் காரணமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் அதே அளவுகோலை ஒக்கோனுக்கு வைத்தால் என்ன ஆகிறது? ஒக்கோன் இரண்டாவது, அவருடைய சக ஓட்டுநர் காஸ்லி மூன்றாவது. இருவருக்கும் இடையே முடிவில் மூன்று விநாடியளவு வித்தியாசம். அளவுகோல் சொல்கிறது: இருவரும் ஏறக்குறைய ஒன்று, ஆகவே இருவரிலும் விசேடம் இல்லை, அல்பைன் கார் அன்று நன்றாக இருந்திருக்கும். இது அநியாயம். நோர்மண்டியில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வளர்ந்து, சிறு வயதில் கார்ட் பந்தயங்களில் ஒருவரோடு ஒருவர் மோதி, நட்பு முறிந்து, பின்னர் ஒரே அணியில் அமர்ந்தவர்கள் இவர்கள். ஒக்கோனின் பெற்றோர் மகனின் பந்தயத்துக்காக வீட்டை விற்றுவிட்டுக் கரவனில் வாழ்ந்தார்கள். இரண்டு பேரும் ஒரே நாளில் தங்கள் உச்சத்தைத் தொட்டால், ஒருவரின் சிறப்பு மற்றவரின் சிறப்பை அழித்துவிட வேண்டுமா? பெரெஸ் முதல் சுற்றில் சுழன்றதால் வெர்ஸ்டப்பன் உயர்ந்து தெரிகிறார். காஸ்லி சுழலாமல் இருந்ததால் ஒக்கோன் தெரியாமல் போகிறார். நான் மதிக்கும் அளவுகோல்தான். ஆனால் அன்றைக்கு அது பாதியைத்தான் அளந்தது.

சிவப்புக் கொடிக்குப் பிறகு

வாக்குவாதம் திரும்பியது சித்தப்பாவின் மகளால். அதுவரை அத்தான் அதிர்ஷ்டம் என்கிறார், நான் இல்லை என்கிறேன், இருவரும் ஒரே முப்பது சுற்றுகளையே திரும்பத் திரும்பக் கிண்டிக்கொண்டிருந்தோம். அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கி, "அத்தான், சிவப்புக் கொடி விழுந்ததும் இடைவெளியெல்லாம் என்ன ஆனது?" என்று கேட்டாள்.

"இல்லாமல் போனது. எல்லோரும் வரிசையாகப் போய் நின்றார்கள்."

"டயர்?"

"எல்லோருக்கும் மாற்றிக்கொள்ளலாம்."

"அப்படியென்றால் அதிலிருந்து அது புதுப் பந்தயம் இல்லையா? நீங்கள் பழைய பந்தயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்களே."

அத்தானிடம் உடனே பதில் இருக்கவில்லை. எனக்கோ, அதுவரை மனதில் உருப்பெறாமல் கிடந்த ஒன்று சட்டென்று வடிவம் கொண்டது.

நடந்ததை ஒழுங்காக வைப்போம். நிகோ ஹல்கன்பேர்க் முதலாம் வளைவில் மாட்டிக்கொண்டார். ஊழியர்கள் காரைத் தள்ளிவிட்டதற்காக அவர் பிறகு கறுப்புக் கொடி பெற்றுப் பந்தயத்திலிருந்து விலக்கவும் பட்டார். அந்த நேரத்தை ஒட்டித்தான் ரஸ்ஸலும் நொரிஸும் டயர் மாற்ற வந்தார்கள். மழை கொட்டியது, பாதுகாப்புக் கார் வந்தது. பாதுகாப்புக் காரின் பின்னால் மெதுவாகப் போகும்போதே பிராங்கோ கொலபின்டோ சுவரில் மோதினார். சிவப்புக் கொடி. வரிசை: ஒக்கோன், வெர்ஸ்டப்பன், காஸ்லி, அவர்களுக்குப் பின்னால் நொரிஸும் ரஸ்ஸலும். சிவப்புக் கொடி வெர்ஸ்டப்பனுக்கு ஓர் இடத்தைக் கொடுத்தது என்று அத்தான் சொல்வது உண்மை. ஆனால் அது நொரிஸுக்கும் ரஸ்ஸலுக்கும் ஒன்றைக் கொடுத்தது: முன்னால் இருப்பவர்களோடு ஒட்டி நிற்கும் வாய்ப்பு. முன்வரிசையில் எல்லோரும் சில மீற்றர் தூரத்தில், மிதமான ஈரத்துக்குரிய புதிய இண்டர்மீடியட் டயரோடு, அதே ஈரத் தடத்தில். அங்கிருந்து முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் மிச்சம். யாருக்காவது தான் சிறந்தவர் என்று காட்ட வேண்டுமென்றால் இதைவிடத் துப்புரவான மேடை கிடைக்காது.

அந்த மேடையில் நொரிஸ் மறுதொடக்கத்தில் முதலாம் வளைவில் அகலமாக வெளியேறி இடங்களை இழந்தார். இறுதியில் ஆறாவது. முதல் மறுதொடக்கத்துக்குப் பின் முன்னால் ஓடியவர் ஒக்கோன். வெர்ஸ்டப்பன் அவரைத் தாண்டவில்லை. கார்லோஸ் சைன்ஸ் மோதி மீண்டும் பாதுகாப்புக் கார் வந்து, 43ஆம் சுற்றில் பந்தயம் திரும்பவும் விடப்பட்டபோதுதான் வெர்ஸ்டப்பன் முதலாம் வளைவின் உட்புறத்தில் ஒக்கோனைத் தாண்டினார். தூரத்திலிருந்து வந்து, பிரேக்கை யாரும் எதிர்பாராத அளவு பிந்தி மிதித்து, ஈரத்தில் கார் வழுக்காமல் வளைவுக்குள் வைத்தார். அதன் பிறகு மிஞ்சியது ஏறக்குறைய இருபத்தாறு சுற்றுகள். முடிவில் ஒக்கோனுக்கும் அவருக்கும் இடையே 19.477 விநாடிகள்.

தங்கை தாளில் வகுத்துக் காட்டினாள். சுற்றுக்கு முக்கால் விநாடி. 4.3 கிலோமீற்றர் தடத்தில், ஒரே வகை டயரில், இடைவெளி பூச்சியத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் முக்கால் விநாடி. பந்தயத்தின் அதிவேகச் சுற்றை அவர் எடுத்தது 67ஆம் சுற்றில். முன்னால் எவரும் இல்லை, பின்னால் எவரும் நெருங்கவில்லை, வேகத்தைக் குறைத்து காரைப் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அதிர்ஷ்டம் ஒருவரை வரிசையில் முன்னால் நிறுத்தும். சுற்றுக்கு முக்கால் விநாடியை அது தராது. எனக்கு வெர்ஸ்டப்பனின் நாள் அதுதான்: பதினேழிலிருந்து ஒன்று அல்ல, பூச்சியத்திலிருந்து பத்தொன்பதரை.

அந்த முக்கால் விநாடி எங்கிருந்து வருகிறது என்பதைக் கொழும்பில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் எவரும் ஓரளவு ஊகிப்பார்கள். மாதக்கணக்கில் வாகனங்கள் ஓடித் தேய்ந்த பாதையின் நடுப்பட்டையில் எண்ணெயும் டயர்த் துகளும் படிந்திருக்கும். மழை விழுந்ததும் முதலில் வழுக்குவது அந்த இடந்தான். பந்தயத் தடத்திலும் அப்படியே. உலர்ந்த நாளில் எல்லோரும் போகும் வழியில் றப்பர் படிந்து பிடிப்பு மிகுந்திருக்கும். ஈரத்தில் அதே வழி கண்ணாடி. மழையில் வல்லவர்கள் வழக்கமான வழியை விட்டு விலகி, வளைவின் வெளிப்புறத்தில் சொரசொரப்பான இடத்தைத் தேடிப் போவார்கள். அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் மாறும். மழை குறைந்தால் ஒன்று, கூடினால் இன்னொன்று. இண்டர்மீடியட் டயர் ஒன்று மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் விநாடிக்கு 30 லீற்றர் தண்ணீரைத்தான் அகற்றும்; கனமழை டயர் 85 லீற்றர். அதாவது அன்று அவர்கள் ஓட்டியது, சில நேரங்களில் தண்ணீரை முழுதாக அகற்ற முடியாத டயரில். எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. கையிலும் இருக்கையிலும் உணர்ந்துதான் அறிய வேண்டும். 2016இல் இதே இன்டர்லாகோஸில், பத்தொன்பது வயதில், மழைக்குள் பின்வரிசையிலிருந்து மூன்றாம் இடத்துக்கு வந்தபோதே வெர்ஸ்டப்பன் இந்தக் கலையைக் காட்டிவிட்டார். எட்டு வருடம் கழித்து அவர் அதில் இன்னும் கூர்மையாகியிருந்தார்.

சிவப்புக் கொடியைப் பற்றி இன்னொன்று. அத்தான் அதைத் திட்டத் தொடங்கியபோது, அதுவரை அடுப்படியில் இருந்த அக்கா வெளியே வந்து, "தியத்தலாவையை மறந்துவிட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார். யாரும் மறக்கவில்லை. அதே வருடம் ஏப்ரல் 21ஆம் திகதி பொக்ஸ் ஹில் பந்தயத்தில் தடத்தை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து, எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்தக் காட்சிகளைப் பார்த்த பிறகு, பந்தயத்தை நிறுத்தும் கொடியை அநீதி என்று சொல்ல எனக்கு வாய் வராது. சிவப்புக் கொடி நேரத்தில் டயர் மாற்ற அனுமதிக்கும் விதியைப் பற்றி வாதிடலாம். அதை மாற்ற வேண்டும் என்று சொல்வோர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் பாதுகாப்புக் காரின் பின்னால் போகிறவரே சுவரில் மோதும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும்போது கொடி காட்டியது சரி. அதனால் யாருடைய கணக்குப் பிழைத்தாலும் சரி. அந்த இடத்தில் அத்தான் அமைதியானார். அன்றிரவு அவர் விட்டுக்கொடுத்தது அந்த ஒன்றைத்தான்.

ஒக்கோனின் இடம்

முதலிடம் வெர்ஸ்டப்பனுக்கு என்பதில் தங்கையும் நானும் ஒன்றானோம். சித்தப்பாவும் தலையசைத்தார், இருபத்தாறு சுற்றுகளை அவர் மலையேற்றப் பந்தயம் போலவே பார்த்தார், கடிகாரம் மட்டும் பேசும் பந்தயமாக. சண்டை இரண்டாம் இடத்துக்குப் போனது. அங்கேதான் இன்றுவரை நிற்கிறது.

தங்கை காஸ்லி என்கிறாள். பதின்மூன்றிலிருந்து வந்தவர் என்பதற்காக அல்ல, அந்த எண் விளையாட்டை அவளும் விட்டுவிட்டாள். கடைசிக் கட்டத்தில் ரஸ்ஸலின் மெர்சிடிஸ் அவருடைய பின் சிறகில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் முடிந்தது. வேகமான காரைப் பின்னால் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் அதைப் பார்த்தபடியே, ஈரத்தில் ஒரு வளைவிலும் பிழைக்காமல் வந்தவர் காஸ்லி. ஒக்கோனுக்கு அந்த நெருக்கடி இல்லை, நடுவே காஸ்லி காவல் நின்றார் என்பது அவள் வாதம். நல்ல வாதம். அதை மறுக்க நான் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது.

நான் ஒக்கோனை முன்னால் வைக்கிறேன். மழைப் பந்தயத்தில் முன்னால் ஓடுவது தெளிவான பார்வையைத் தரும், உண்மைதான். ஆனால் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பவனும் முன்னால் ஓடுபவன்தான். பின்னால் வருகிறவர்கள் அவன் வழுக்குவதைப் பார்த்துப் பாடம் படிப்பார்கள். அவனுக்குப் பாடம் சொல்ல யாரும் இல்லை. மறுதொடக்கம் ஒன்றை முன்னின்று நடத்தி, ஒன்பதாம் இடத்து அணியின் காரில், உலக சம்பியனை உடனடியாகத் தாண்டவிடாமல் சுற்றுகளைக் கடத்தியவர் ஒக்கோன். தாண்டப்பட்ட பிறகும் அவர் உடையவில்லை. பின்னால் இருந்த எவரும் அவரை நெருங்கவில்லை. அதற்கு முன்னால், மாலை நான்கு மணிக்கு, அவரும் காஸ்லியும் ஒரே காரில் ஒரே மழையில் இறங்கியபோது, நான்காம் இடம் எடுத்தவர் அவர். வேகமான காரைத் தடுக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு வராததற்குக் காரணம் அந்த மாலைதான். நெருக்கடிக்குள் சிக்காமல் ஓட்டியதை நெருக்கடியில் தப்பியதற்குக் கீழே வைக்க நான் ஒப்பமாட்டேன்.

அல்பைன் அணி அந்த ஒரே இரவில் ஒன்பதிலிருந்து ஆறாம் இடத்துக்கு ஏறியது. அணிகளுக்குக் கிடைக்கும் பணம் அந்தப் பட்டியலைப் பொறுத்தது என்பதால் அந்த மூன்று இடம் சிறிய விடயமல்ல. பருவம் முடிந்ததும் ஒக்கோன் ஹாஸ் அணிக்குப் போவது முன்பே முடிவாகியிருந்தது. அபுதாபியில் நடந்த கடைசிப் பந்தயத்துக்கு அவருடைய காரில் புதியவர் ஒருவர் உட்காரவைக்கப்பட்டார். இண்டர்லாகோஸின் இரண்டாம் இடத்துக்குப் பின் ஒரு மாதம் சென்று.

தங்கை இன்னமும் ஒப்பவில்லை. தகுதிச் சுற்று வேறு, பந்தயம் வேறு, கேள்வி பந்தயத்தைப் பற்றியது என்கிறாள். அன்று இரண்டும் ஒரே நாளில், ஐந்து மணி நேர இடைவெளியில், ஒரே மழையில் நடந்தன. இரண்டையும் பிரிக்க முடியாது என்கிறேன் நான். அத்தான், ரஸ்ஸலை டயர் மாற்றக் கூப்பிடாமல் தடத்திலேயே விட்டிருந்தால் நாங்கள் இருவருமே பேச இடமிருந்திருக்காது என்கிறார்.